உம்மு கரீம்

பஸ்ராவிலிருந்து தப்பி அம்மான் நகருக்கு வந்த அன்றே ரிஹாப் தன் மகனின் பெயரை மாற்றினாள். ஸுஹைல், கரீம் ஆனான். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் 'உம்மு கரீம்', கரீமின் அம்மா. கணவன் இறந்ததும் பையனைப் பறித்துக்கொள்ளப் பார்த்த கொழுந்தன்மாருக்கு அந்தப் பெயர் தெரியாது.

ஆனாலும் வாசலில் காலடி கேட்டால் அவள் ஓடிப்போய்ப் பூட்டை ஆட்டிப் பார்ப்பாள்.

"பூட்டை ஆட்டி ஆட்டிப் பாக்கறியே, அதுவே கழண்டு விழுந்துடும்," என்றாள் எதிர்வீட்டு புஸைனா. "எனக்குத் தெரிஞ்ச மனநல டாக்டர் ஒருத்தர் இருக்கார். போய்ப் பாரு, உம்மு கரீம். பையனை நான் பாத்துக்கறேன்."

டாக்டர் மென்மையாகப் பேசினார்.

"எதுக்குப் பயப்படறீங்க?"

"யாரோ தேடி வர்ற மாதிரியே இருக்கு."

"யாரு?"

"தெரியல." பஸ்ராவைப் பற்றியோ பழைய பெயரைப் பற்றியோ அவள் வாய் திறக்கவில்லை.

"அப்ப யாரும் வரல. மனசு பண்ற சேட்டை. டீயைக் குடிங்க, என்ன அவசரம்?"

அவள் எழுந்தபோதெல்லாம் இன்னொரு கேள்வி கேட்டு உட்காரவைத்தார். கடைசியில் அவருடைய போன் ஒருமுறை ஒலித்து அடங்கியது. எடுத்துப் பார்த்தார்.

"இன்னிக்கு இது போதும்."

பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"மனசு லேசாயிடுச்சு டாக்டர்."

அவர் மரியாதையாக எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"பாத்துப் போங்க, உம்மு ஸுஹைல்."