கை வைத்தியம்

கவலையை மறக்கத் தம்மையே கெடுத்துக்கொள்கிறவர்களைக் கிண்டல் செய்யும் படங்கள் எடுக்க வேண்டும். மாலை நேரப் புகைப்பட வகுப்பில் கொடுத்த இந்தப் பயிற்சிக்கு அவள் வைத்த தலைப்பு, ‘கவலைக்குக் கை வைத்தியம்’. குடிகாரனாக நடிக்க அண்ணனே முன்வந்தான்.

“வேண்டாம்ணா. விட்டதை எதுக்குக் கிளறணும்?”

“உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணி விட்டவன்டி நான். பாட்டில்ல பால் ஊத்தாத டீதானே? ஆறினதும் நானே ஊத்திக்கிறேன். நீ போய் லைட்டைப் பாரு.”

மருந்துக் கரண்டியில் அளந்து, கண்ணை மூடி, முகம் சுளித்து விழுங்கினான். சிரிப்பில் அவள் கேமரா ஆடியது.

“பிச்சு உதறுறண்ணா!”

“உன் கை ஆடிடுச்சு, இன்னொண்ணு எடு.”

எடுத்த படம் எதிலும் அவளுக்கு நம்பிக்கை வராது. மறுபடி எடுத்தாள். அவன் கரண்டியை விட்டு டம்ளருக்கு மாறினான்.

“டாக்டர் டோஸைக் கூட்டிட்டாரு!” என்றான்.

சிரித்துச் சிரித்து அவளுக்குத் தொண்டை வறண்டது. மிச்ச டீயைக் குடிக்கலாமென்று சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்தாள்.

வைத்த டீ, ஒரு சொட்டும் குறையாமல், படலம் கட்டி அப்படியே இருந்தது.

அவள் கை தானாகத் தலையைத் தொட்டது.

கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்: “பாப்பா, இன்னும் ஒரே ஒண்ணு எடுத்துடலாமா?”