பட்டை உரியும் மாதம்

"கைய எடுய்யா மரத்துல இருந்து!"

கத்திக்கொண்டே ஓர் ஆள் வீட்டுப் படியிறங்கி வந்தார்.

நான் கையை எடுக்கவில்லை. நகராட்சியில் தெரு மரங்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு. ஜூலை வெயிலில், காலையிலிருந்து புரூக்ளினில் பதினோரு மரங்களைப் பார்த்தாகிவிட்டது. ஒன்றில் ஆணி, ஒன்றில் விளம்பரத் தட்டி, ஒன்றில் சைக்கிள் சங்கிலி. இந்த பிளேன் மரத்துக்கு இடுப்பு உயரத்தில் ஆறேழு சுற்று டேப். தெருவுக்கு நிழல் கொடுத்த பாவத்துக்கு இந்தப் பாடு.

"சிட்டியோட மரம் சார் இது. டேப் சுத்தினா அபராதம்," என்றேன். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"போட்டுக்கோ! என் பொண்ணு செத்த இடம்யா இது!"

டேப்பை அறுக்க எடுத்திருந்த கத்தியை மடக்கினேன்.

எஃப்ராயின் என்று பெயர் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நீலக் கார் நடைபாதையில் ஏறி, மரத்தடியில் நின்றிருந்த யமீராவை மோதியிருக்கிறது. ஒன்பது வயது. டேப்புக்கு நடுவே உள்ளங்கையகலம் விட்டிருந்தார். அதில் காரின் நீலப் பெயின்ட் இழுபட்ட தடம். கோடையானால் பிளேன் மரம் தட்டுத் தட்டாகப் பட்டையை உதிர்த்துவிடும். அதற்குத்தான் டேப்.

"வண்டிய ஓட்டுனவ தினம் இந்த வழியாத்தான் வேலைக்குப் போறா. பாக்கட்டும். சாகற வரைக்கும் பாக்கட்டும்."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவருடைய ஆத்திரம் அப்படியே எனக்குள் ஏறிவிட்டது. பிள்ளையைக் கொன்றுவிட்டு இதே தெருவில் கைவீசி நடக்கிறாளா? வேலை போனால் போகிறது என்று லாரியிலிருந்து டேப்பை எடுத்துவந்து, நானே இன்னும் மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

ஓரத்தை அழுத்தி ஒட்டும்போது விரலில் நீலம் ஒட்டியது. பெயின்ட் காயவில்லை.

அதே வீட்டுக் கதவு திறந்தது. சூப்பர் மார்க்கெட் சீருடையில் ஒரு பெண், மத்தியான வேலைக்குக் கிளம்பியவள், சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தாள். என் விரலைப் பார்த்தாள்.

"கார் பெயின்ட்ட மரம் போன வருஷமே உதிர்த்துடுச்சு," என்றாள். "அதுலேர்ந்து என் வீட்டுக்காரர்தான் வரையறார். அன்னிக்கு வீட்டு வாசல்லதானேன்னு வண்டிய ஓரங்கட்டினேன். பிரேக்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டேன்."

அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

அவள் மரத்தின் முன்னால் போய் அந்த நீலத்தைப் பார்த்தபடி நின்றாள். பஸ் வந்து, நின்று, போயும் விட்டது. அவள் அசையவில்லை.

மாடி ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எஃப்ராயின், போகலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அதன் பிறகுதான் அவள் நடந்தாள்.