ஓடாத வண்டியின் ஆயில்

"மீட்டர் ஒயரப் புடுங்கிட்டு பாண்டிச்சேரிக்கு சவாரி அடிச்சிக்கினு இருந்தியா, இல்லியா? கைய வச்சி சொல்லுடா."

முதலாளி சின்னதுரை ஐயா கேட்டதும், திருவாமாத்தூர் கோயில் வட்டப்பாறைமேல் தேவா உடனே கையை வைத்தான். அங்கே கைவைத்துப் பொய் சொன்னவன் நல்லபடியாக வீடு போய்ச் சேரமாட்டான் என்பார்கள். அவனுக்கென்ன பயம்? சவாரியும் அடிக்கவில்லை, ஒயரையும் தொடவில்லை.

குழப்பம்தான் இருந்தது.

ஐயாவின் டீசல் கார் இருபது வயதுக் கிழம். ஒன்பது வருடமாகத் தேவாதான் அதற்கு டிரைவர். ஆயில் மாற்றி ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. வடித்துப் பார்த்தால் கறுப்புத் தண்ணீர். முந்தின தடவையும் அதே கதை. மீட்டரில் ஏறாமல் வண்டி எங்கோ ஓடியிருக்கிறது என்பது ஐயாவின் சந்தேகம். இருபதாயிரம் ஓடினாலும் இப்படிக் கெடாதே என்று தலையைச் சொறிந்த திண்டிவனம் மெக்கானிக் விருத்தாசலம், சின்னப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துச் சென்னைக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்.

தேவா வாயைத் திறக்கப்போன நேரம் ஐயாவின் போன் அடித்தது. விருத்தாசலம்தான்.

கேட்கக் கேட்க ஐயாவின் நெற்றி சுருங்கியது.

"ஓடிக் கெடலியாம்டா! ஆயில்ல டீசல் கலந்திருக்குதாம். நின்ன எடத்துலயே மணிக்கணக்கா எஞ்சினு ஓடினா அப்பிடி ஆவுமாம். எவன்டா நிக்க வச்சி ஓட்டினது?"

நிற்கிற வண்டியில் ஆயில் கெடுமா? தேவாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகு பிடிபட்டது.

ஐயாவின் மனைவி கலைப்பிரியா அம்மா ஐந்தாறு மாதமாகத் தினமும் கோயிலுக்கு வருகிறார். வெளியே புங்கமர நிழலில்தான் வண்டி நிற்கும். ஏசி ஓடட்டும், நீ போய் டீ குடித்துவிட்டு நிதானமாக வா என்பார். மூன்று மணி நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

உண்மையைச் சொன்னால் போதும். வேலையும் பிழைத்தது, மானமும் பிழைத்தது.

கை பாறைமேலேயே இருந்தது.

"நாந்தாங்க," என்றான். "ஏசியப் போட்டுக்கினு தூங்கிட்டேங்க."

"தூங்குமூஞ்சி! இதுக்கா இவ்ளோ பேஜாரு? இன்னொருவாட்டி ஆயிலு கெட்டுது, உன் வேலை போச்சி."

மறுபடியும் கெடும். தேவாவுக்குத் தெரியும்.

ஒருநாள் செல்போனை வண்டியிலேயே மறந்துவிட்டு, டீக்கடைக்குப் போகிற பாதியில் திரும்பி வந்தான். நாலு கதவும் உள்ளே பூட்டியிருந்தன. கண்ணாடி வழியே பார்த்தான். பின்சீட்டில் கால்களை மடக்கிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, கைக்குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தார் அம்மா. போனை எடுக்காமலே வந்துவிட்டான்.

வீட்டில் அவர் தனியாகப் படுக்கிற அறையின் உள்தாழ்ப்பாளை ஆறு மாதத்துக்கு முன் கழற்றியது தேவாதான். ஐயா கழற்றச் சொன்னார். ஏனென்று அவன் கேட்கவில்லை.