ஜன்னலோரச் சீட்டு

“புலி பாக்கணுமா? வண்டலூர்ல கீது. மலை ஏறணுமா? திருநீர்மலைக்குப் போ. எதுக்கு முதுமலை, ஊட்டி எல்லாம்?”

கல்யாணமான நாளிலிருந்து வெற்றிவேல் சொல்லும் பதில் இதுதான்.

“கூண்டுல கீற புலிய எத்தினி தடவ பாக்கிறது? அதுக்கே என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு. நான் காட்டைப் பாக்கணும்யா,” என்றாள் அவன் மனைவி கற்பகம்.

“காட்டுல இன்னா கீது? குளிரு, அட்டைப்பூச்சி. பேஜார் புடிச்ச எடம்.”

“இருக்கட்டும். இந்த வெள்ளிக்கிழமை நான் போறேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“கேட்டுக்கேட்டே நம்ம பசங்க காலேஜுக்குப் போயிடுச்சுங்க. இனிமே கேக்கிறதா இல்ல.”

“போய்ட்டு வந்தா வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்!”

“வூட்டுச் சாவி என்கிட்டதான் கீது.”

வெற்றிவேல் விருட்டென்று வேலைக்குக் கிளம்பிப் போனான்.

வெள்ளிக்கிழமை மாலை. தாம்பரத்தில் ஊட்டி செல்லும் சுற்றுலா வேன் புறப்படத் தயாராக நின்றது. கடைசி ஆளாக, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக ஏறிய கற்பகம், டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலோரச் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எல்லோரும் வந்தாயிற்றா என்று பார்க்கத் திரும்பிய டிரைவரின் முகம் வெளிறியது.

“ஏய்... நீயா? மரியாதையா எறங்கிடு!”

“ஆபீஸ்ல சொல்லி சீட்டு போட்டுத்தான் வந்திருக்கேன்,” என்றாள் கற்பகம், வேன் முழுக்கக் கேட்கும்படி. “வாராவாரம் ஊரையே ஊட்டிக்கு இட்டுக்கினு போறீங்க. இந்த வாரம் உங்க பொண்டாட்டியும் ஏறிட்டா. வண்டிய எடுங்க, டிரைவர் சார்!”