கையெழுத்துப் போட ஆளில்லை

பன்னிரண்டு பாட்டில் பெட்டியை மெரில் வீட்டு மேஜையில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார் கிளைவ்.

"இந்த மாசமும் உங்க வீட்ல கையெழுத்துப் போட ஆளில்லையாம். டெலிவரிப் பையன் என் தலையில கட்டிட்டுப் போயிட்டான்."

திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன பரோஸாவிலிருந்து மாதாமாதம் உயர்ந்த ரக ஒயின் வர மெரில் சந்தா கட்டி எட்டு மாதமாகிறது. கையெழுத்து வாங்காமல் பெட்டியைத் தர மாட்டார்கள். அவள் ஆபீஸ் போயிருந்தால் பக்கத்து வீட்டுத் தனிக்கட்டை கிளைவ்தான் வாங்கி வைத்து, சாயங்காலம் கொண்டுவருவார். ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்துவிட்டுத்தான் போவார். மெரிலும் தனிக்கட்டைதான்.

"பாவம், உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்? அடுத்த மாசத்துலேர்ந்து ஆபீஸுக்கே அனுப்பச் சொல்லிடறேன்."

கிளைவின் முகம் தொங்கிப்போயிற்று. "சிரமம்னு நான் சொன்னேனா?"

மெரிலுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பெட்டி வர்ற அன்னிக்கு நான் லீவு. ரேடியோகூடப் போடாம உள்ளேயேதான் உட்கார்ந்திருப்பேன். நீங்க கொண்டுவரணும்னுதான்."

கிளைவ் வாய்விட்டுச் சிரித்தார். "அவன் உங்க வீட்டு மணியை ஒரு தடவையாவது அடிச்சிருக்கானா?"

மெரில் யோசித்தாள். அடித்ததே இல்லை.

"எப்படி அடிப்பான்? 'அந்தம்மா வீட்ல இருக்க மாட்டாங்க, நேரா என்கிட்ட கொண்டாந்துடு'ன்னு ரெண்டாவது மாசமே சொல்லிட்டேனே!"

"அடப்பாவி மனுஷா!" என்றபடி இரண்டு கோப்பைகளை எடுத்தாள் மெரில். "அப்போ இத்தனை மாசமா என் காரைப் பின்சந்துல ஒளிச்சு வெச்சதெல்லாம் வீண்தானா?"