ஊசி போட்ட பிறகு

மத்தியான வெயில் ரயில் ஜன்னல் வழியே தையல்காரரின் மடியில் விழுந்து கிடக்கிறது. காலையில் ஊரில் அவர் தம்பி இறந்துவிட்டான்; அவன் முகத்தைப் பார்க்க இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. எப்போதும்போல் மணி பார்த்து இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். மனைவி டப்பாவைத் திறக்கிறாள். கோதுமை ரொட்டி, அவித்த முட்டை, வெள்ளரித் துண்டுகள். “தொண்டைல இறங்காதும்மா” என்கிறார். “ஊசி போட்டாச்சுங்க. சாப்பிடலன்னா மயக்கம் வந்துடும். அப்புறம் தம்பிய யாரு தூக்குறது?” எதிரே இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று கூசி, ஜன்னல் பக்கம் திரும்பி ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கிறார். கண்ணீர் மூக்கோரம் இறங்கி உதட்டில் கரிக்கிறது. மனைவி முட்டையை உரித்துக் கொடுக்கிறாள். ஒரு வெள்ளரித் துண்டைக் கடிக்கிறார். இன்னொன்றுக்குக் கை தானாக நீளுகிறது. நன்றாகப் பசித்திருக்கிறது, வெள்ளரி ருசிக்கிறது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.