இறகு வைத்த பட்டை

மத்தூரிலிருந்து பஸ் ஏறி ஓசூர் வந்த நாகம்மா, மகளின் வாடகை அறைக்குள் நுழைந்ததுமே கத்தினாள்.

"இடுப்பு வரைக்கும் இருந்த முடி எங்கடி?"

சரிதாவின் முடி காதளவுக்கு நின்றிருந்தது. குஞ்சலம் தொங்கும் கவுன், கழுத்தில் மூன்று வரிசை முத்து. கூட வேலை செய்யும் அஸ்மத் அவள் உதட்டில் அடர்சிவப்பு லிப்ஸ்டிக் பூசிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனியில பார்ட்டிம்மா. நூறு வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரிங்க போட்ட வேஷம். எல்லாம் மேனேஜரே வாங்கிக் குடுத்தாரு."

"ஒரு நாள் கூத்துக்கு முடிய வெட்டுவியா? நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம்னா பூவ எதுலடி வெப்ப?"

அஸ்மத் இறகு வைத்த பட்டையை சரிதாவின் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். சரிதா பல்லைக் கடித்தாள்.

"இது வேற கேடா!" நாகம்மா பட்டையைப் பிடுங்கினாள்.

காதுக்கு மேலே மழித்த தோலில் ஒன்பது தையல்.

"போன வாரம் மெஷின்ல முடி மாட்டிக்கிச்சும்மா. மிச்சத்தத்தான் வெட்டினோம். வெளிய சொன்னா வேலை போயிடும்னாங்க."

"இந்தப் புண்ணோட என்னாத்துக்குடி பார்ட்டி?"

அஸ்மத்தான் சொன்னாள். "விபத்தே இல்லாம ஆயிரம் நாள் ஓடிச்சாம், அதுக்குத்தான். கேடயம் வாங்க எங்க மெஷின் லைன் ஆளுங்க பூரா மேடையேறணும். ஒரு ஆள் குறைஞ்சா பெரிய ஆபீஸ்காரங்க கேப்பாங்க. அதான், பட்டை கட்டற வேஷமாப் பாத்து எடுத்தாரு மேனேஜர்."

நாகம்மா பட்டையை ஜன்னல் வழியே வீசினாள்.

"இப்பிடியே மேடையேறு. நானும் வரேன்."